ஏர்போர்ட் வடை

1950-களில் மெட்ராஸிலிருந்து ராத்திரி விமானத்தில் டெல்லிக்குக் கிளம்பியவர்கள் நடுராத்திரியில் நாக்பூரில் இறங்கியே ஆக வேண்டும். பம்பாய்க்குப் போனாலும் நாக்பூர்தான். கல்கத்தாவுக்குப் போனாலும் நாக்பூர்தான். தூக்கக் கலக்கத்தோடு படியிறங்கி, சோனேகாவ் விமான நிலையத்தின் விளக்கு வெளிச்சத்துக்குள் நடந்து, ஒரு மேஜையைப் பார்த்து உட்காருவார்கள். அதே நேரத்தில் டெல்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்த பயணிகள் பக்கத்து மேஜைகளில் உட்கார்ந்திருப்பார்கள். நாலு திசையிலிருந்து வந்த முன்பின் தெரியாதவர்கள், ஊரே தூங்கும் நேரத்தில், ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டுவிட்டு வேறு வேறு விமானங்களில் ஏறிப் போவார்கள்.

இந்த ஏற்பாடு பயணிகளுக்காக உண்டானது இல்லை. கடிதங்களுக்காக உண்டானது. பயணிகள் கூடவே ஒட்டிக்கொண்டு போனவர்கள்.

'விமானப் பயணத்தின் பொற்காலம்' என்று தேடிப் பாருங்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜை, வெள்ளிக் கரண்டி, கோட்டும் தொப்பியுமாக ஆண்கள், முத்துமாலை போட்ட பெண்கள். அந்தக் காலத்து ஏர்போர்ட் ரெஸ்டாரண்ட் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். எல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அதைப் பார்த்து ஏங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். அந்தக் காலத்தில் நம்ம வீட்டு ஆள் அந்தப் படத்தில் எங்கே இருந்திருப்பார்? என் விஷயத்தில் பதில் தெரியும். எங்க தாத்தா அப்போது மீனம்பாக்கத்தில்தான் இருந்தார். மேஜைக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், தபால் மூட்டைகளோடு.

*

முதலில் அந்த ராத்திரி விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய தலைமுறைக்கு அது கேள்விப்படாத சங்கதி.

இந்தியாவில் வழக்கமான விமான சேவை ஆரம்பித்ததே தபாலுக்காகத்தான். 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தில் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். அதில் பயணி கிடையாது, சாப்பாடு கிடையாது, கடிதம் மட்டும்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு ரஃபி அகமது கித்வாய் தகவல் தொடர்பு மந்திரியாக இருந்தார். 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் சேவை தொடங்கியது. யோசனை ரொம்ப எளிமையானது. வரைபடத்தை எடுத்து டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நாலையும் புள்ளி வைத்தால் நடுவில் நாக்பூர் வரும். மெட்ராஸிலிருந்து சுமார் 900 கிலோமீட்டர். மற்ற மூன்று ஊர்களும் ஏறக்குறைய 700-லிருந்து 1,000 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நாலு ஊரிலிருந்தும் ராத்திரி ஆளுக்கொரு விமானம் கிளம்பும். நாக்பூரில் சந்திக்கும். மூட்டைகளைப் பிரித்து மாற்றிக்கொள்ளும். விடியற்காலையில் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். மெட்ராஸில் சாயங்காலம் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் காலையில் டெல்லியில் இருக்கும்.

அதே 1949 ஏப்ரலிலிருந்து இன்னொரு மாற்றமும் வந்தது. உள்நாட்டுக் கடிதங்களும் கார்டுகளும் கூடுதல் கட்டணம் இல்லாமலே விமானத்தில் போகலாம் என்றானது. அதாவது, பல்லாவரத்துத் தோல் கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் கல்கத்தாவில் இருக்கும் தம்பிக்கு எழுதிய கார்டு விமானம் ஏறியது. எழுதினவர் ஏறவில்லை. அவருக்கு அந்த வாய்ப்பு அடுத்த அம்பது வருஷத்துக்கு வரவும் இல்லை. இந்த நாட்டில் ஏழையின் கையெழுத்து ஏழைக்கு முன்னாடியே பறந்துவிட்டது.

பறந்தவை பெரும்பாலும் டகோட்டாக்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன விமானங்கள் இங்கே மலிவாகக் கிடைத்தன. புதிது புதிதாகக் கம்பெனிகள் முளைத்தன. 1953-ல் எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து அரசு இந்தியன் ஏர்லைன்ஸை உருவாக்கியது. டகோட்டாவின் உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் வசதி கிடையாது. அதனால் ரொம்ப உயரமும் போக முடியாது. மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்காமல் மேகத்துக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிப் போகும். காது அடைக்கும், அதற்குப் பஞ்சும் பெப்பர்மிட்டும் கொடுப்பார்கள். குளிரும். என்ஜின் சத்தத்தில் பக்கத்து சீட்காரர் பேசுவது கேட்காது. அந்த இடத்தில் சுடச்சுட உணவு பரிமாறுவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. ஃபிளாஸ்க்கில் காபி, டப்பாவில் ஏதாவது. ஆகையால் சாப்பாடு என்றால் தரையில்தான். ஏர்போர்ட் சாப்பாட்டு மேஜை ஒரு ஆடம்பரமாக நமக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது விமானத்தின் இயலாமையிலிருந்து வந்தது. நேராக ஒரே மூச்சில் போக முடியவில்லை, அதனால் இறங்கினார்கள். இறங்கியதால் சாப்பிட்டார்கள்.

*

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். வயசு 91. எழுபதுகளின் கடைசியில், இங்கே ஏரியும் வயலுமாக இருந்தபோது மனை வாங்கி வந்தவர். நான் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். பம்பாய் மில் ஒன்றின் துணிகளுக்கு மெட்ராஸில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை தலைமை ஆபீசுக்குக் கூப்பிடுவார்களாம். இந்த ராத்திரி விமானத்தில் நிஜமாகவே பயணம் செய்த ஒரு மனுஷரை நான் நேரில் பார்த்தது அவரைத்தான்.

"ராத்திரி சர்வீஸ்ல சார்ஜ் கம்மிம்மா. அதனால கம்பெனி அதுலதான் அனுப்பும். பகல்ல போறவன் முதலாளி, ராத்திரில போறவன் குமாஸ்தா" என்று சிரித்தார்.

நாக்பூரில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அறுபத்தைந்து வருஷத்துக்கு முந்திய நடுராத்திரிச் சாப்பாடு. அவர் யோசிக்கவே இல்லை.

"எனக்கு சைவம். ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு ஏதோ ஒண்ணு, கொஞ்சம் சாதம். மார்கழி தை மாசத்துல போனா ஆரஞ்சு வைப்பான். நாக்பூர் ஆரஞ்சு இல்லியா, உரிச்சா கை ரெண்டு நாளைக்கு மணக்கும். டேஸ்ட்டெல்லாம் பெருசா சொல்ல முடியாது. ஆனா சூடா இருக்கும். மூணு மணி நேரம் நடுங்கிக்கிட்டு வந்தவனுக்கு அந்தச் சூடுதான் ருசி."

அவர் ருசியைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. மனிதர்களைப் பற்றித்தான் பேசினார். மூட்டை பிரித்து முடிய இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு ஊர் விமானம் பனியிலோ மழையிலோ மாட்டிக்கொண்டால் மற்ற மூன்றும் அதற்காகக் காத்திருக்கும். அந்த நேரம் முழுக்கப் பேச்சுதான். சர்தார் ஒருவர், டீ கம்பெனி வங்காளி ஒருவர், வழக்குக்காக டெல்லி போகும் வக்கீல் ஒருவர். மெட்ராஸில் மழையா, கல்கத்தாவில் டிராம் ஓடுதா, பம்பாயில் வீடு கிடைக்குதா.

"நான் கிளம்பறச்சே அன்னைக்கு ஹிந்து பேப்பர், விகடன் எல்லாம் கையில வச்சிருப்பேன். கல்கத்தா பக்கம் போற தமிழ்க்காரங்க யாராவது நாக்பூர்ல இருப்பாங்க. நம்ம பேச்சைக் கேட்டதுமே கண்டுபிடிச்சிருவாங்க. 'சார், படிச்சாச்சா?'ன்னு கேட்டு வாங்கிப்பாங்க. ஒரு தடவை ஒருத்தர் விகடனை வாங்கி மோந்து பார்த்தாரும்மா. படிக்கக்கூட இல்ல, மோந்து பார்த்தார்."

சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும்தான்.

அந்த மேஜையில் யாரும் சாதி கேட்டதில்லையா என்று பிறகு கேட்டேன். காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துச் சாப்பாட்டு இடங்களின் கதை நமக்குத் தெரியும். தென்னிந்திய ரயில் நிலையங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்ததும், பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல்தான் அந்த ஏற்பாடு போனதும் வரலாறு. 1957-லும் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லைப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லி மறியல் நடந்தது. அதே வருஷத்தில் நாக்பூரில் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

சார் என்னைப் பார்த்தார். "எதுக்கும்மா கேக்கணும்? டிக்கெட் வாங்கினவன்தானே அங்க வருவான்?"

அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ரயில்வே ஸ்டேஷனில் எல்லாரும் வருவார்கள், அதனால் பிரித்து வைக்கப் பலகை தேவைப்பட்டது. ஏர்போர்ட்டில் பலகை தேவைப்படவில்லை. டிக்கெட் விலையே பலகைதான். அந்த மேஜையின் சமத்துவம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. விகடனை மோந்து பார்த்த ஆள் உண்மை. சர்தாரும் வங்காளியும் பகிர்ந்துகொண்ட ஆரஞ்சும் உண்மை. ஆனால் அந்த அறைக்கு ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கத்துக் கதையை எங்கள் வீட்டில் வைத்திருந்தோம்.

*

தாத்தா பிறந்ததும் இறந்ததும் ராஜகீழ்ப்பாக்கத்தில். இன்றைக்கு வேளச்சேரி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறோமே, அந்த இடம் அப்போது ஏரிப் பாசனத்து நெல் விளைந்த கிராமம். சொந்த நிலம் கிடையாது. 1952-ல் அவருக்குத் தபால் இலாகாவில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. முதலில் தினக்கூலி, பிறகு நிரந்தரம். ராத்திரி ஷிஃப்ட் மீனம்பாக்கத்தில்.

சாயங்காலம் சைக்கிளில் சேலையூர் வழியாகத் தாம்பரம் வருவார். சைக்கிளை அங்கே போட்டுவிட்டு எலெக்ட்ரிக் ரயில். மெட்ராஸ் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லிருந்தே மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம். இறங்கி நடந்தால் ஏர்போர்ட். நகரத்திலிருந்து சிவப்பு மெயில் வேன் வரும். அரக்கு வைத்த மூட்டைகளை இறக்கி, எண்ணி, வண்டியில் தள்ளி, டகோட்டாவின் வயிற்றில் ஏற்ற வேண்டும். விமானம் போனதும் விடியும்வரை காத்திருக்க வேண்டும். நாக்பூரிலிருந்து திரும்பி வரும் விமானத்தின் மூட்டைகளை இறக்கி வேனில் ஏற்றினால்தான் வீட்டுக்குப் போகலாம்.

"என்ன தாத்தா பண்ணுவீங்க ராத்திரி முழுக்க?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன்.

"தூங்குவோம் கண்ணு. காலி மூட்டைய அடியில போட்டு, மேல ஒரு மூட்டைய போத்திக்கினு. சாக்கு நாத்தம் அடிக்கும். ஆனா கதகதன்னு இருக்கும்."

இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. சார் நாக்பூரில் கைகளைச் சூடாக்கிக்கொண்டிருந்த அதே ராத்திரியில், 900 கிலோமீட்டர் தள்ளி, அவருடைய விமானத்தை அனுப்பிவைத்த என் தாத்தா சாக்குக்குள் சூடு தேடியிருக்கிறார். இரண்டு பேருக்கும் அந்த விமானம் திரும்பி வர வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஊரில் முப்பது வருஷம் இருந்தும் இதைப் பேசிக்கொண்டதே இல்லை.

தாத்தாவின் சாப்பாடு தூக்குவாளியில் போகும். சோறும் கருவாட்டுக் குழம்பும், இல்லாவிட்டால் களியும் கீரைக் கடைசலும். மூட்டைக் கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து பேர் வட்டமாகச் சாப்பிடுவார்கள். அங்கிருந்து பயணிகள் சாப்பிடும் ரெஸ்டாரண்டின் பின்கதவு தெரியுமாம். கதவு திறந்து மூடும்போதெல்லாம் வெண்ணெய் மணமும் வெங்காயம் வதங்கும் மணமும் வரும். வெள்ளை உடுப்பு, தலைப்பாகை, பித்தளை வில்லை எல்லாம் போட்ட பேரர்கள் வெளியே வந்து பீடி பிடிப்பார்கள். "அவங்களும் நம்மள மாதிரிதான். உடுப்பக் கழட்டினா பல்லாவரத்துக்காரன்" என்பார் தாத்தா.

ஒரு ஐப்பசி மாசம். புயல் மழை. விமானம் கிளம்பவில்லை. பயணிகளைக் காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செய்து வைத்த பண்டம் மிஞ்சிவிட்டது. தலைமைச் சமையல்காரர் பின்கதவைத் திறந்து, "யார்யா அங்க, பசியோட இருக்கறவன் வாங்கய்யா" என்று கூப்பிட்டாராம். பீங்கான் தட்டில் இல்லை. மந்தார இலையில். ஆளுக்கு இரண்டு கட்லெட்.

தாத்தாவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. வடை மாதிரி இருந்தது, ஆனால் ஓட்டை இல்லை. மேலே ரொட்டித்தூள். உள்ளே கிழங்கு, கறி. ஒன்றைச் சாப்பிட்டார். இன்னொன்றைச் சாப்பிடவில்லை. தந்திப் பேப்பரில் சுற்றி, நனையாமல் இருக்க ஒரு துண்டு அரக்குத்துணியில் மடித்து, தூக்குவாளிக்குள் வைத்து, மழையில் ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆயா அதை நாலாகப் பிட்டாள். என் பெரியப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவின் நாக்கில் ஒரு துளி, மிச்சம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. "ஏரோபிளான்ல குடுக்கற வடை" என்று சொன்னாளாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கட்லெட்டுக்குப் பெயர் ஏர்போர்ட் வடை. நான் பள்ளிக்கூடம் போகும்வரை கட்லெட் என்ற வார்த்தையையே கேட்டதில்லை. தாம்பரம் பேக்கரிகளில் போய் "ஏர்போர்ட் வடை ஒண்ணு" என்று கேட்டு, கடைக்காரர் முழித்தது நினைவிருக்கிறது. ஆயா அந்தக் கட்லெட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பதை அத்தை சொல்லித்தான் பிறகு தெரிந்தது.

*

தாத்தா சொன்ன கதைகளில் ஒன்றை மட்டும் அவர் முழுதாகச் சொன்னதில்லை. 1953 டிசம்பர் 12.

அன்றைக்கு விடியற்காலை நாக்பூரில் சாப்பிட்டு முடித்து மெட்ராஸ் விமானத்தில் ஏறினார்கள். டகோட்டா கிளம்பிய சில நிமிஷங்களுக்குள் விழுந்து எரிந்துபோனது. 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் தொழிற்சங்கத் தலைவரும் மக்களவை உறுப்பினருமான ஹரிஹர்நாத் சாஸ்திரி. மீனம்பாக்கத்தில் மூட்டை இறக்கக் காத்திருந்தவர்களுக்கு முதலில் 'லேட்' என்றுதான் சொன்னார்களாம். பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. வேன் டிரைவர் பத்து மணிவரை என்ஜினை அணைக்காமல் வைத்திருந்தார். "அப்புறம் அணைச்சிட்டாரு" என்பதோடு தாத்தா நிறுத்திவிடுவார்.

அந்தக் காலத்து விமானப் பயணத்தைப் பற்றிய ஏக்கக் கட்டுரைகளில் இந்தப் பகுதி அநேகமாக இருக்காது. காத்திருந்து சாப்பிட்ட அந்த நேரம் சுகமாக இருந்ததற்கு ஒரு காரணம், தரையில் இருந்தோம் என்பது. சாரிடம் இதைக் கேட்டபோது ஒத்துக்கொண்டார். "ஏர்றப்ப எல்லாருமே முகத்தை வேற பக்கம் திருப்பிப்போம். யாரும் 'பார்க்கலாம்'னு சொல்ல மாட்டோம்."

*

உலகம் முழுக்க அந்தக் காலத்து ஏர்போர்ட் சாப்பாட்டுக்குப் பின்னால் இந்தக் குளிரும் பயமும் காத்திருப்பும்தான் இருந்திருக்கின்றன. அயர்லாந்தில் ஃபாய்ன்ஸ் என்ற இடத்தில் கடல்விமானங்கள் வந்து இறங்கும். 1943-ல் ஒரு குளிர்கால ராத்திரி. அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பிய விமானம் வானிலை மோசமாகித் திரும்பி வந்துவிட்டது. விறைத்துப்போன பயணிகளுக்கு ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் சூடான காபியில் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். ஐரிஷ் காபி பிறந்த கதையாக அங்கே இதைத்தான் சொல்வார்கள். மெட்ராஸில் அதற்கு வழியில்லை. 1948-லிருந்தே மாகாணம் முழுக்க மதுவிலக்கு. இங்கே விமானம் தாமதமானால் காபியில் இன்னும் கொஞ்சம் டிகாஷன் ஊற்றலாம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நியூவார்க் விமான நிலையத்தில் 1953-ல் 'நியூவார்க்கர்' என்று ஒரு ரெஸ்டாரண்ட் திறந்தார்கள். விமானம் ஏறாதவர்கள்கூட ஊருக்குள்ளிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து அங்கே சாப்பிட்டுப் போனார்கள். ஏர்போர்ட் என்பதே ஒரு வேடிக்கை பார்க்கும் இடமாக இருந்த காலம்.

நம்ம ஊரிலும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மெட்ராஸைச் சுற்றிப் பார்க்க வரும் கிராமத்துச் சனங்களுக்கு உயிர் காலேஜ், செத்த காலேஜ், கடற்கரை, கடைசியில் மீனம்பாக்கம். மிருகக்காட்சி சாலையும் மியூசியமும்தான் அந்த இரண்டு காலேஜும். ஏர்போர்ட்டில் பார்வையாளர் மாடம் இருந்தது. சின்னதாக ஒரு டிக்கெட் வாங்கினால் மேலே போய் விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கலாம். என் அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாரும் அங்கே நின்றவர்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போவார்கள். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரிக் ரயில் ஏறி வரும்.

அவர்கள் ரெஸ்டாரண்டுக்குப் போகவில்லை. கட்டுச்சோறு கொண்டுவந்தார்கள். புளியோதரை, தயிர்சாதம், வடகம். மரத்தடியில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். 1950-60-களின் ஏர்போர்ட் சாப்பாடு என்றால் எனக்கு இதையும் சேர்த்துத்தான் சொல்லத் தோன்றுகிறது. உள்ளே நூறு பேர் கட்லெட்டும் சூப்பும் சாப்பிட்டிருந்தால், வெளியே ஆயிரம் பேர் புளியோதரை சாப்பிட்டிருப்பார்கள். படம் எடுக்கப்பட்டது உள்ளே மட்டும்தான்.

"விமானம் இறங்கறப்ப அண்ணன் கத்துவான், 'அப்பா மூட்டை வந்துடுச்சு'ன்னு" என்பார் அத்தை. "எங்களுக்கு அது ஜனங்க போற வண்டின்னே தோணலை. அப்பாவோட மூட்டை வண்டின்னுதான் நெனச்சோம்." அவர்கள் நினைத்ததில் தப்பொன்றும் இல்லை. அந்த வண்டி மூட்டைக்காகத்தான் ஓடியது.

*

இந்த மேஜைகள் எப்படிக் காலியாயின என்பதற்குப் பெரிய மர்மம் ஏதுமில்லை. விமானங்கள் நல்லவையாக மாறின. 1957-ல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வைக்கவுண்ட் வந்தது. உள்ளே காற்றழுத்தம் சீராக இருந்தது, மேகத்துக்கு மேலே பறந்தது. 1964-ல் காரவெல் ஜெட் வந்தது. விமானத்துக்குள்ளேயே தட்டு வைத்துப் பரிமாற முடிந்தது. நடுவில் இறங்க வேண்டிய அவசியம் குறைந்தது. நாக்பூர் ராத்திரிச் சந்திப்பு 1973 அக்டோபரோடு நின்றது. தாத்தா அதற்கப்புறம் நகரத்துக்குள் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார். 1980-களின் பிற்பகுதியில் புது முனையங்கள் திரிசூலம் பக்கம் வந்தன. உள்நாட்டு முனையத்துக்குக் காமராஜர் பெயர், பன்னாட்டு முனையத்துக்கு அண்ணா பெயர். பழைய மீனம்பாக்கம் கட்டடம் சரக்குக்குப் போனது.

இழப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் சார் சொன்னதைத்தான் சொல்லுவேன். காத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் கையில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மனுஷர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இப்போது நானும் மாதம் ஒரு தடவை வேலைக்காக விமானம் ஏறுகிறேன். காத்திருக்கும் நேரம் ஒன்றும் குறையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. இதற்கு ஏர்போர்ட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

ஆனால் அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. திரும்பி வந்தால் எங்கள் குடும்பம் மறுபடியும் பின்கதவுக்கு வெளியேதான் நிற்கும். சார் மாதிரி ஆட்களுக்கு உள்ளே ஒரு நாற்காலி இருந்தது. நினைத்துப் பார்க்க அவருக்கு அது போதும். எனக்கு அந்த நினைவின் மீது பிரியம் உண்டு, பாத்தியதை கிடையாது. எனக்குப் பாத்தியதை உள்ளது அரக்குத்துணியில் மடித்த அந்த ஒரு கட்லெட்டின் மேல்.

போன வருஷம், 2025 பிப்ரவரியில், சென்னை உள்நாட்டு முனையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' என்று ஒன்று திறந்தார்கள். கல்கத்தாவில்தான் முதலில் வந்தது, அதற்கடுத்து இங்கே. டீ 10 ரூபாய், காபி 20, தண்ணீர் 10, சமோசா 20. சுற்றியுள்ள கடைகளில் ஒரு காபிக்குக் கேட்கும் விலையை நினைத்தால் இது நம்பவே முடியாத சங்கதி. அது பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாடியே இருக்கிறது. ஒரு நாள் விடியற்காலை விமானத்துக்குச் சீக்கிரம் போய்விட்டதால் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரிசையில் எனக்கு முன்னால் முதல் தடவை விமானம் ஏறும் ஒரு குடும்பம். பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். மகன் அஞ்சு டீ சொன்னான். பாட்டி விலையைக் கேட்டாள். சொன்னதும், "எங்கூட்டாண்ட கடையிலயே பன்னெண்டு ரூபாடா" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அவர்களுக்குப் பின்னால் பச்சை ஜாக்கெட் போட்ட இரண்டு பையன்கள், தள்ளுவண்டி ஆட்கள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நின்றார்கள். ஒருத்தன் கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. சமோசா வாங்கி அதன் மூடியில் வைத்துக்கொண்டான்.

அங்கே கட்லெட் கிடையாது. கேட்டுப் பார்த்தேன். சமோசாதான் இருக்கு மேடம் என்றார்கள். ஒன்று வாங்கிக்கொண்டேன். பாட்டி தன் டீயில் பாதியைப் பேரனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த ஊரும்மா என்று கேட்டேன்.